முப்பத்தொரு போட்டும் ஒரு மாமியும்

அலியார் சம்மாட்டி வலைக் குவியலுக்குள் படுத்திருந்தார். ஷஃபீனா அவருடைய கால்களோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"சம்மாட்டி, கால் வெளிய தெரியுது."

கால்கள் மெல்ல உள்ளே போயின.

"இப்ப கை தெரியுது."

வலை சற்று நேரம் யோசித்தது. பிறகு இரண்டாகப் பிரிந்தது. நடுவிலிருந்து அலியார் எழுந்து உட்கார்ந்தார். காதில் ஒரு மிதவை மாட்டியிருந்தது. மாம்புரிக் கரையில் மூன்று போட்டுகளுக்குச் சொந்தக்காரர், பள்ளியில் முன்வரிசையில் தொழுகிற ஆள். இப்படி அகப்பட்டதில் அவருக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

"வலையில ஓட்டை பொத்திக்கொண்டு இருந்தன், மிஸ்."

"படுத்துக்கொண்டா?"

"இடுப்பு வலி."

ஷஃபீனா அலுவலகம் கொடுத்த டெப் கணினியைத் திறந்து, வெயில் படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

"போன வருஷம் மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு போச்சு, ஐஸுக்கு எவ்வளவு, ஆக்களுக்குப் பங்கு எப்படிப் பிரிச்ச. இவ்வளவுதான். கொஞ்ச நேர வேல."

"இன்டைக்கு வெள்ளிக்கிழமை, மிஸ்."

"செவ்வாய்க்கிழமை."

"இல்ல, வெள்ளிக்கிழமை வாங்க எண்டு சொல்ல வந்தன்."

"போன வெள்ளிக்கிழமை வந்தன். நீங்க மௌத்து வீட்டுக்குப் போயிட்டீங்க எண்டு உங்கட மருமகன் சொன்னார். செத்தது ஆர் எண்டு கேட்டன். பதட்டத்தில உங்கட பேரையே சொல்லிட்டார்."

அலியார் காதிலிருந்த மிதவையைக் கழற்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷத்திலிருந்து சட்டம் மாறியிருந்தது. மீன் பிடிக்கிற ஒவ்வொரு போட்டும், மீனைக் காயவைக்கிற, பொதி செய்கிற ஒவ்வோர் இடமும் தன் வரவு செலவைக் கடற்றொழில் அலுவலகத்துக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாதவர்களுக்கு அடுத்த வருஷ அனுமதிப்பத்திரம் கிடையாது. யாருக்கு என்ன செலவாகிறது, என்ன மிஞ்சுகிறது என்று தெரியாமல் எந்தத் திட்டமும் போட முடியாது என்று கொழும்பு சொன்னது. கடைசித் திகதி என்று ஒன்று வைப்பதே அதைத் தள்ளிப்போடத்தான் என்று மாம்புரி சொன்னது.

ஷஃபீனாவின் பங்குக்கு வந்தது முப்பத்தொரு போட்டுகள், சில கருவாட்டு வாடிகள், ஒரு நண்டுக் கம்பனி. அவளுடைய நியமனமோ தற்காலிகமானது. "இத முடிச்சுத் தந்தா நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுறன்" என்று கற்பிட்டி அலுவலகப் பொறுப்பாளர் நௌஃபர் சேர் சொல்லியிருந்தார். "முடிக்காட்டி என்ன எழுதுறதெண்டு எனக்கே தெரியா, மகள்."

மாதம் முடிய இரண்டு கிழமையும் சில நாட்களுமே இருந்தன. டெப்புக்குள் இதுவரை சேர்ந்திருந்த தகவல்கள் இவை: இஞ்சின், பழசு. செலவு, கூட. வருமானம், அல்லாஹ் தந்தது.

அலியார் பெருமூச்சு விட்டார்.

"சரி, மெய்யச் சொல்றன். எனக்கு அரசாங்கத்தில பயமில்ல. உங்களிலயும் பயமில்ல, நீங்க படிச்ச புள்ள. ஆனா பின்னேரமாகினா நீங்க எங்க போறீங்க?"

"வீட்டுக்கு."

"அந்த வீட்டில ஆர் இரிக்காங்க?"

ஷஃபீனாவுக்கு விளங்கிவிட்டது.

"மாமி" என்றாள் மெதுவாக.

"அதான்" என்றார் அலியார்.

ஷஃபீனாவின் மாமி, கணவனின் தாய் சாரா உம்மாவுக்குத் தெரியாமல் அந்தக் கரையில் ஒரு கோழி முட்டையிட்டதில்லை. டோஹாவிலும் குவைத்திலும் இருந்த மாம்புரிக்காரர்கள் காலையில் கண் விழித்ததும் முதலில் கேட்பது சாரா உம்மா போனில் அனுப்பும் குரல்பதிவைத்தான். அவர் பொய் சொல்லமாட்டார், கூட்டிச் சொல்லமாட்டார், யாரையும் குறைத்துப் பேசவும் மாட்டார். நடந்ததை நடந்தபடி, எல்லோருக்கும் சொல்வார். அதுதான் பிரச்சினை. பொய்யென்றால் மறுக்கலாம்.

"நோன்புக்கு முன்ன நான் ஒரு இஞ்சின் எடுத்தன்" என்றார் அலியார். "புத்தளத்துக் கடையில, பெட்டிய இன்னும் உடைக்கல்ல. சிலாபத்திலிருந்து என்ட மச்சான் கோல் எடுக்கிறான், 'பழைய இஞ்சின எனக்குத் தந்திருக்கலாமே மச்சான்' எண்டு! நான் வீட்டிலயே இன்னும் சொல்லல்ல, மிஸ்."

"ஆனா இது இரகசியம், சம்மாட்டி. நான் கந்தோருக்கு வெளிய விட்டா எனக்குத்தான் தண்டனை. சட்டமே இரிக்கி."

"நீங்க சொல்லத் தேவையில்லயே. நீங்க சோறு தின்னக்குள்ள சாரா உம்மா உங்கட மொகத்த ஒருக்காப் பாத்தாக் காணும்."

அன்று பின்னேரம் கற்பிட்டியிலிருந்து வரும் பஸ்ஸில் ஷஃபீனா ஒரு வசனத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்குள் நுழைந்தபோது சாரா உம்மா குசினி வாசலில் பலகை போட்டிருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, ஒரு விஷயம். என்ட வேலையப் பத்தி நீங்க என்னட்ட ஒண்டும் கேக்கக்கூடாது."

சாரா உம்மாவின் கை நின்றது.

"நான் என்ன கேட்டன்?"

ஷஃபீனா யோசித்துப் பார்த்தாள். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து மாமி அவளிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: சாப்பிட்டியா?

"கேக்கல்ல, மாமி. இனிமேலும் கேக்கக்கூடாது."

"சாப்பிட்டியா எண்டு கேக்கலாமா? அதுக்கும் சட்டம் இரிக்கா?"

"அது கேக்கலாம்."

"நல்லம்" என்றார் சாரா உம்மா. அதையும் அவர் அதன்பிறகு கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் பேச்சு சுற்றுவழியாகப் போனது. ஷஃபீனா எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "ஃபாஹிம், உன்ட பொஞ்சாதிக்குச் சோறு வச்சிரிக்கெண்டு சொல்லு" என்பார் சாரா உம்மா. ஐஸ் லொறி ஓட்டுகிற அவள் கணவன் ஃபாஹிம் அதிகாலையிலேயே போய்விடுவான். அவன் இல்லாத நேரங்களில் அதே வசனத்தைப் பூனைக்குச் சொன்னார். பூனை சொல்லாது என்பதால் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

ஷஃபீனாவுக்கு மனம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் இதைக் கரையில் ஒரு நற்சான்றாகப் பயன்படுத்தலாம் என்று நினைத்தாள்.

"இப்ப மாமி என்னோட கதைக்கிறதே இல்ல, சம்மாட்டி. இனிப் பயமில்லதானே?"

அலியார் திடுக்கிட்டார்.

"கோவமா? அப்ப இன்னும் மோசம், மிஸ். வாய மூடிக்கொண்டு இரிக்கிற ஆளுக்குக் காது ரெண்டு மடங்கு கேக்கும்."

அன்று மாலை ஐஸ் இறக்கப் போன ஃபாஹிமைக் கரையில் மூன்று பேர் தனித்தனியாகப் பிடித்து, பெண்சாதிக்கும் உம்மாவுக்கும் இடையில் ஓர் ஆண்பிள்ளை எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று புத்தி சொன்னார்கள். மூன்று பேரும் டெப்பைக் கண்டால் ஓடுகிறவர்கள்.

நௌஃபர் சேர் வேறொரு வழி சொன்னார்.

"அந்த டெப்ப வீட்டில எங்க வைக்கிறீங்க?"

"மேசையில, சேர். இரவைக்கு சார்ஜ் போடணும்."

"பூட்டி வைங்க. சனம் கதைய நம்பாது. பூட்ட நம்பும்."

ஷஃபீனா கற்பிட்டிக் கடைத்தெருவில் இருந்ததிலேயே பெரிய பூட்டை வாங்கினாள். அவளுடைய கலியாண அலுமாரியில் டெப்பை வைத்துப் பூட்டி, திறப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். உண்மையில் அன்றிரவு அந்தப் பூட்டு காவல் காத்தது பூச்சியங்களை மட்டுந்தான். மறுநாள் காலையில் ஓர் அவசரக் கூட்டத்துக்குக் கற்பிட்டிக்கு ஓடியபோது டெப்பை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் அலுமாரியை மறுபடி பூட்டிவிட்டுப் போனாள்.

அலுமாரியின் கீழ்த்தட்டில் சாரா உம்மாவின் தங்கக் கரை போட்ட கோப்பைகள் இருந்தன.

அன்றைக்கென்று சிலாபத்திலிருந்து சாரா உம்மாவின் மச்சாள் வந்தார். குவைத்திலிருந்து வந்த அந்தக் கோப்பைகளைப் பற்றிச் சாரா உம்மா அவருக்குப் பல வருஷமாகச் சொல்லிவந்திருந்தார். கடைசியில் மச்சாள் தேத்தண்ணீர் குடித்தது ஃபாஹிமின் ஐஸ் கம்பனி இலவசமாகக் கொடுத்த நீல நிற பிளாஸ்டிக் கப்பில். அதில் 'குளிர்ச்சியே எங்கள் மகிழ்ச்சி' என்று எழுதியிருந்தது.

"அலுமாரிக்கு என்னத்துக்கு இவ்வளவு பெரிய பூட்டு?" என்று மச்சாள் கேட்டார்.

சாரா உம்மா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்விக்கு, "தெரியா" என்றார்.

மச்சாள் சிலாபம் போய்ச் சேருமுன்னரே அந்தச் சொல் எல்லா இடமும் போய்ச் சேர்ந்துவிட்டது. சாரா உம்மாவுக்கு அவருடைய சொந்த வீட்டு அலுமாரிக்குள் என்ன இருக்கிறதென்றே தெரியாதாம்!

கரையில் பூட்டு வேறொரு வேலையைச் செய்தது. "பூட்டுற அளவுக்கு உள்ளுக்கு இரிக்கெண்டா, ஆரோ எல்லாத்தையும் சொல்லிட்டான்" என்று நண்டுக் கம்பனி சுஹைர் கண்டுபிடித்தார். அது யார் என்று ஒவ்வொருவரும் மற்றவரைச் சந்தேகித்தார்கள். ஒரே ஏலத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று மீன் விற்றவர்கள் இப்போது தோள் திருப்பிக்கொண்டு நின்றார்கள். ஷஃபீனா தூரத்தில் வந்தாலே போதும், வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போய்விட்டார்கள். கடலில் மீன் இருக்கிறதா என்றுகூட அவர்கள் பார்க்கவில்லை.

"பள்ளியில அறிவிச்சா என்ன?" என்றான் ஃபாஹிம் அடுத்த வாரம் வியாழக்கிழமை இரவு. அவனுக்கும் களைத்துவிட்டது. "ஜும்ஆ முடிய ஸ்பீக்கர்ல சொன்னா எல்லாருக்கும் ஒரே நேரத்தில விளங்கும்."

ஷஃபீனா ஒரு தாளில் அழகான எழுத்தில், ஒரு பிழையில்லாமல் எழுதினாள்: 'திரட்டப்படும் தகவல்கள் யாவும் சட்டப்படி இரகசியமானவை. அவை அலுவலகத்துக்கு வெளியே எவருக்கும், அலுவலரின் குடும்பத்தினர் உட்பட, எக்காரணம் கொண்டும் வெளியிடப்படமாட்டா. ஆகையால் அனைவரும் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

பள்ளியில் அறிவித்தல் செய்கிறவர் இஸ்ஸதீன். நல்ல மனிதர், நல்ல குரல். எழுத்துத் தமிழ் சனத்துக்கு விளங்காது என்பது அவருடைய உறுதியான கொள்கை. மறுநாள் வெள்ளித் தொழுகை முடிந்ததும் தாளை முழுதாக வாசித்தார். வாசித்து முடிந்ததும் இருமினார். இருமினால் விளக்கம் வருகிறது என்று ஊருக்குத் தெரியும்.

"அதாவது, எல்லாருக்கும் விளங்கிற மாதிரிச் சொன்னா" என்றார் இஸ்ஸதீன், நான்கு திசையும் பார்த்த நான்கு ஸ்பீக்கர்களிலும், "சாரா உம்மாக்குச் சொல்லமாட்டாங்களாம்."

அந்த நேரம் சாரா உம்மா வீட்டு முற்றத்தில் நின்று டோஹாவுக்குக் குரல்பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார். விரல் பொத்தானில் இருந்தது. இஸ்ஸதீனின் குரல் ஒரு சொல்லும் சிதறாமல் பதிவில் ஏறியது. சாரா உம்மா அதிர்ச்சியில் விரலை எடுத்தார். விரலை எடுத்தால் பதிவு டோஹாவுக்குப் போய்விடும்.

ஐந்தே நிமிஷத்தில் டோஹாவிலிருந்து ஃபாஹிமுக்குக் கோல் வந்தது. "டேய், உம்மாக்கு என்னடா செஞ்சீங்க?"

ஷஃபீனா ஓடி வந்தபோது முற்றத்தில் சாரா உம்மா இல்லை. உள்ளே போய்ப் பார்த்தாள். மாமி போனை அணைத்து, ஒரு துணியில் சுற்றி, சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் அழவில்லை, ஏசவுமில்லை. ஷஃபீனாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் சாரா உம்மா அபாயாவைப் போட்டு, குடையை எடுத்துக்கொண்டு, பூனைக்குக்கூடச் சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

"எங்க போறாங்க?" என்று கேட்டாள் ஷஃபீனா.

"தங்கச்சி வீட்டுக்காத்தான் இரிக்கும்" என்றான் ஃபாஹிம். அவனுடைய தங்கை றிஸ்லா ஊரின் மறுகோடியில் இருந்தாள். "றிஸ்லாட்ட சொல்லி அழுவாங்க. அழுதா ஆறும். விடு."

விடமுடியவில்லை. கரைக்குப் போனால் அங்கே நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. அலியார் இந்த முறை ஒளியவில்லை. தெம்பில்லாமல் நின்ற இடத்திலேயே நின்றார்.

"மிஸ், முந்தி எனக்கு ஒரு பயந்தான் இருந்திச்சு. இப்ப ரெண்டு. நான் உங்களுக்குச் சொன்னா, சாரா உம்மாக்கு எதிரா நிண்ட ஆளெண்டு பேர் வரும். அவங்க என்ட பொண்டாட்டிக்கு ஒண்டுவிட்ட ராத்தா, அக்கா முறை. எனக்கு இந்த ஊர்ல சோறு வேணும்."

மாலையில் மஃரிபுக்குச் சற்று முன்னர் சாரா உம்மா திரும்பி வந்தார். செருப்பெல்லாம் மணல். குசினியில் வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, கால்களை அதற்குள் விட்டுக்கொண்டு கண்ணை மூடி இருந்தார். மறுநாளும் அப்படியே. போன் சீனிப் போத்தலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஊரில் யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருடைய மாடு யாருடைய தோட்டத்தில் புகுந்தது என்று ஒன்றும் தெரியாமல் அந்த வீடு இரண்டு நாள் இருந்தது. ஷஃபீனாவுக்குச் சோறு இறங்கவில்லை. புத்தளத்திலிருந்து இந்த ஊருக்கு மணமுடித்து வந்தபோது ஒருவரையும் தெரியாமல் அழுத அவளுக்கு, இரவு இரவாக ஒவ்வொருவராக அறிமுகம் செய்து வைத்தது இந்த வாய்தான். கரையில் அலியாருக்கு அலியார் என்று பெயர் என்பதே மாமி சொல்லித்தான் தெரியும்.

அலுமாரியைத் திறந்து, கோப்பைகளை எல்லாம் வெளியே எடுத்துக் கழுவி மேசையில் வைத்தாள். பூட்டைக் குப்பையில் போட்டாள். ஒரு கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு மாமிக்கு முன்னால் போய் நின்றாள்.

"மாமி."

சாரா உம்மா கண்ணைத் திறந்தார். நாட்கணக்கில் முதல்முறையாக நேரடியாகப் பேசினார்.

"வேலையப் பத்திக் கதைக்கக்கூடாதுதானே?"

"இது வேலையில்ல, மாமி. மன்னிப்புக் கேக்க வந்தன்."

"எதப் பத்தி?"

"வேலையப் பத்தி."

"அப்ப கதைக்கக்கூடாது" என்றார் சாரா உம்மா. தேத்தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் ஷஃபீனா அலுவலகத்துக்குப் போனபோது மனதுக்குள் ராஜினாமாக் கடிதம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வசனத்தில் இருக்கும்போது படியில் அலியார் நிற்பதைக் கண்டாள். கதவு திறக்க முன்னரே வந்துவிட்டிருந்தார். சுத்தமான சாரம், தலையில் தொப்பி.

"சம்மாட்டி! என்ன விஷயம்?"

"கெதியாத் திறங்க, மிஸ். டெப்ப எடுங்க."

உட்கார்ந்ததும் அவர் பேசத் தொடங்கினார். மண்ணெண்ணெய், ஐஸ், வலை, ஆட்களின் பங்கு, ஏலக்காரருக்குப் போனது, எல்லாம் வந்தன. மூன்று போட்டுகளுக்கும் தனித்தனியாகச் சொன்னார். புத்தளத்து இஞ்சினையும் சொன்னார். கேட்காத ஒன்றையும் சொன்னார்: எலுவன்குளத்தில் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு துண்டு வயல் வாங்கியிருக்கிறாராம்.

"வயல் தேவையில்ல, சம்மாட்டி. இது கடல் மட்டுந்தான்."

"போட்டுக்கொள்ளுங்க, மிஸ். பிறகு விட்டுப்போச்செண்டு ஒரு கதை வரக்கூடாது."

"எப்படித் திடீரெண்டு மனசு மாறிச்சு?"

அலியார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"மனச்சாட்சி, மிஸ்" என்றார்.

அவர் எழும்புமுன் வாசலில் இன்னும் மூன்று பேர். பத்து மணிக்கு உட்காரும் வாங்கு நிறைந்துவிட்டது. கதிரைகள் போதாமல் நௌஃபர் சேர் பக்கத்துத் தபால் கந்தோரிலிருந்து இரவல் வாங்கினார். முதலில் யார் என்று வரிசையில் சிறிய தள்ளுமுள்ளுகூட நடந்தது. டெப்பின் சார்ஜ் பகலுக்குள்ளேயே இறங்கிவிட்டது.

நண்டுக் கம்பனி சுஹைர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவித்தார். முடிந்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இன்னும் என்னவும் கேக்க இரிக்கா? இரிக்கெண்டா இங்கேயே, இப்பவே கேட்டிருங்க. பிறகு வீட்டுப் பக்கம் ஒருத்தரும் வரமாட்டாங்கதானே?"

"ஒருத்தரும் வரமாட்டாங்க. நான் பொறுப்பு" என்றாள் ஷஃபீனா, மேலதிகாரிகளைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து.

சுஹைர் அவளுக்காக நீண்ட ஒரு துஆ செய்துவிட்டுப் போனார்.

ஷஃபீனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நடந்ததை அவள் மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டாள். தாமதமானாலும் சனத்துக்கு உறைத்திருக்கிறது. சொந்த மாமிக்கே சொல்லாத ஒருத்தி வேறு யாருக்குச் சொல்லப்போகிறாள்? இஸ்ஸதீனின் அந்த விளக்கம் அவமானமல்ல, விளம்பரம். செவ்வாய்க்கிழமை அவருக்கு ஒரு கிலோ பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். இஸ்ஸதீன் வியக்கவேயில்லை.

"நான் சொன்னா விளங்கும், மகள்" என்றார்.

சாரா உம்மா மட்டும் ஒவ்வொரு நாளும் குடையோடு போய், மணல் கால்களோடு வந்துகொண்டிருந்தார். இந்த வெற்றியை வீட்டில் சொல்ல ஷஃபீனாவுக்கு வாய் துடித்தது. சொல்லமுடியாது. அது வேலையைப் பற்றியது.

கடைசி நாளும் வந்தது. நௌஃபர் சேர் காலையிலிருந்து போனில் இருந்தார். மாவட்டத்தில் வேறெந்த இடத்திலும் பாதிகூடச் சேரவில்லை என்று தெரிந்தபோது எழுந்து நின்று பேசத் தொடங்கினார். மாம்புரியில் இன்னும் ஓர் ஆள் மட்டுந்தான் பாக்கி: கருவாட்டு வாடி றைஸா.

அலுவலகம் மூடுகிற நேரம். ஷஃபீனா வாசலில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஓட்டோ தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. றைஸா பாதி ஓடிக்கொண்டே இறங்கினாள். வாடியிலிருந்து நேரே வந்திருக்கிறாள், கையெல்லாம் உப்பு, அபாயாவின் விளிம்பில் கட்டா மீன் செதில்கள். அவளுக்குப் பின்னால் நெத்தலி வாசமும் இறங்கி வந்தது.

"மூடிராதீங்க மிஸ்! வாறன், வாறன்! இஞ்ச, எழுதுங்க!"

உட்காராமலே சொல்லி முடித்தாள். உப்பு, விறகு, காயப்போடுகிற பெண்களின் கூலி, கொழும்புக்குப் போன மூட்டைகள், மழையில் கெட்டுப்போனது. ஷஃபீனா கடைசி எண்ணைப் போட்டு, கடைசிப் பொத்தானை அழுத்தினாள். திரையில் பச்சை நிறம் வந்தது.

"நூறு வீதம், சேர்!"

நௌஃபர் சேர் இரண்டு கையாலும் மேசையில் தட்டினார். உடனே கொழும்புக்குக் கோல் எடுத்தார். ஓம் சேர், ஓம் சேர் என்று கேட்டுக்கொண்டிருந்தவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. போனை வைத்துவிட்டு ஷஃபீனாவின் பக்கம் திரும்பினார்.

"நாடு முழுக்க முழுசா முடிச்ச முதல் பிரிவு நாங்கதானாம். உங்கட நியமனம் நிரந்தரம், மகள். இன்டைக்கே கையெழுத்துப் போடுறாங்க. அது மட்டுமில்ல. மத்த மாவட்ட ஆக்களுக்கு நீங்க வந்து வகுப்பு எடுக்கணுமாம். என்ன முறையப் பாவிச்சீங்க எண்டு உடனே எழுதி அனுப்பட்டாம்."

தேத்தண்ணீர் வந்தது. பக்கத்துத் தபால் கந்தோர்க்காரர்கள் கதிரைகளை வாங்க வந்து, விஷயம் கேட்டுக் கை தட்டினார்கள். றைஸாவுக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. நௌஃபர் சேர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து விரல்களை மடக்கி நீட்டினார்.

"சொல்லுங்க. முறை என்ன?"

ஷஃபீனா சால்வையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். இந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் எத்தனை மணல் மிதித்திருக்கிறாள்!

"நம்பிக்கை, சேர். அப்படியே போடுங்க. மக்களின் நம்பிக்கையை வென்றெடுத்தல். என்னட்ட சொன்னா அது வெளிய போகாது எண்டு சனம் மனசால நம்பினதாலதான் ஒவ்வொருத்தரா தேடி வந்து சொன்னாங்க. இல்லயா, றைஸா ராத்தா?"

றைஸா தேத்தண்ணீரை ஊதிக் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தாள்.

"நம்பிக்கையெல்லாம் எனக்குத் தெரியா, மிஸ். ஒவ்வொரு வாடியா, ஒவ்வொரு போட்டா ஏறி இறங்கின மாதிரி, நேத்து உங்கட மாமி எங்கட வாடிக்கும் வந்து, கதிரைய இழுத்துப் போட்டு இருந்துகொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: 'என்ட மருமகள்ட சொன்னா அது கந்தோருக்குள்ள, என்னட்ட சொன்னா அது ஊருக்குள்ள; உனக்கு எது வசதி?'"